சிங்கப்பூரில் உள்ளே போய் உட்காரக்கூடிய, இயற்கை வடிவில் அமைந்த திறந்தவெளிச் சிற்பம் எது?

முதலில் ஹெண்டர்சன் வேவ்ஸைப் பாருங்கள். பெயருக்குத்தான் அது பாலம், என் கண்ணுக்கு அது பெரிய சிற்பம். 2008-ல் திறந்தார்கள். 274 மீட்டர் நீளம், சாலைக்கு மேல் 36 மீட்டர் உயரம். வளைந்த எஃகு விலா எலும்புகள் அலை அலையாக எழுந்து தாழ்கின்றன. அலை மேலே எழும் இடங்களில், சிப்பிக்குள் நுழைந்தது போன்ற குடைவுகள். உள்ளே மர இருக்கைகள். சாயங்காலம் அம்மாவோடு அங்கே உட்கார்ந்தால் எழுந்து வர மனசே வராது, அவ்வளவு பச்சை கீழே விரிந்து கிடக்கும். மவுண்ட் ஃபேபர் பக்கமிருந்து நடந்து வரலாம்.

அப்புறம், கரையோரப் பூந்தோட்டத்துச் (Gardens by the Bay) சூப்பர் மரங்கள், அதாவது மர வடிவில் கட்டிய கோபுரங்கள். 25 முதல் 50 மீட்டர் வரை உயரம், உடம்பெல்லாம் நிஜச் செடிகள். சில மரங்கள் பக்கத்துக் கண்ணாடிக் குடில்களின் காற்றையும் வெளியேற்றுகின்றன. அவற்றுக்கு நடுவே 22 மீட்டர் உயரத்தில் தொங்கும் நடைபாதையில் நடக்கலாம்.