குடும்பத்திற்குக் குறைந்த செலவில் சத்தான காலை உணவும் சிற்றுண்டியும் வீட்டிலேயே செய்வது எப்படி?

நாளுக்கொரு புதிய சமையல் குறிப்பைத் தேடுவதை முதலில் நிறுத்துங்கள் என்பேன். அப்படித் தேடும்போது, ஒரு கரண்டி மட்டும் பயன்பட்டு மீதி வீணாகும் பொருள்களே அலமாரியில் சேர்கின்றன. வேகவைத்த பயறு, வீட்டில் உறையூற்றிய தயிர், ஏதேனும் ஒரு முழுத்தானியம் ஆகிய மூன்றும் எப்போதும் கைவசம் இருந்தால், காலைச் சமையல் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இம்மூன்றில் பயறுக்கே நான் முதலிடம் தருகிறேன். கொண்டைக்கடலையை இரவு முழுவதும் ஊறவைத்து வேகவைத்தால் அதன் எடை இரு மடங்குக்கும் மேலாகிவிடும் என்பதால், வேகவைத்து டப்பாவில் அடைத்து விற்பதை வாங்குகிறவர் தண்ணீருக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார். 100 கிராம் உலர்ந்த கடலையில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. ஒரு முட்டையில் இருப்பதோ 6 கிராம் அளவுதான். வெந்த கடலையை ஆறவைத்து 2 மணி நேரத்திற்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால், 3 நாள்களுக்குக் கவலையில்லை. காலையில் வெங்காயம், தக்காளியுடன் வதக்கி ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளலாம். மாலையில் எலுமிச்சைச் சாறு பிழிந்து அப்படியே உண்ணலாம். எலுமிச்சை சுவைக்காக மட்டுமன்று. அதிலுள்ள வைட்டமின் சி, பயறின் இரும்புச்சத்தை உடல் ஈர்த்துக்கொள்ள உதவுகிறது. அதே வேளையில் தேநீர் அருந்தினால் அந்த ஈர்ப்பு குறையும் என்பதால், தேநீரைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது. ராஜ்மாவாக இருந்தால் ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவெனக் கொதிக்கவிட வேண்டும். அரைவேக்காட்டில் உண்டால் அதிலுள்ள நச்சுப் புரதம் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும்.

தானியத்தில் ஓட்ஸ் எளிது. ஆனால் இனிப்பும் நறுமணமும் கலந்த சிறு பொட்டலங்களை விட்டுவிட்டு, எதுவும் சேர்க்காத ஓட்ஸையே வாங்குங்கள். நாளொன்றுக்கு உண்ணும் மொத்த ஆற்றலில், சேர்க்கப்படும் சர்க்கரையின் பங்கு 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. பெரியவர் ஒருவருக்கு அது ஏறத்தாழ 50 கிராம், பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது. காலை உணவிலேயே அதில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடுவானேன்? தோல் கறுத்துப்போன வாழைப்பழத்தை மசித்துச் சேர்த்தால், சர்க்கரை இல்லையென்று எங்கள் வீட்டுக் குழந்தைகள் கேட்பதில்லை.

தயிரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: காய்ச்சிய பால் விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு கரண்டி பழைய தயிரைக் கலந்து மூடி வைத்தால் போதும்.

கொறிப்பதற்கு வறுத்த வேர்க்கடலையை விஞ்சியதை நான் காணவில்லை. ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் தவிர்க்க வேண்டும். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுக்கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடும். ஆகவே நைசாக அரைத்து, ரொட்டியில் மெல்லியதாகத் தடவிக் கொடுங்கள்.