கூட்டத்துக்கு வந்தவர்கள் மட்டும் சங்கமா?

வணக்கம். 300 உறுப்பினர்கள் உள்ள உங்கள் ஆய்வாளர் சங்கத்தில், ஆண்டுக் கூட்டத்துக்கு வந்த 40 பேர் போரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டுவிட்டார்கள், செயலாளரான நான் அதை வெளியிடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம். அமெரிக்க மானிடவியல் சங்கத்தின் டென்வர் கூட்டத்தில், 2015இல், இஸ்ரேலியக் கல்வி நிறுவனங்களைப் புறக்கணிக்கும் தீர்மானத்துக்கு ஆதரவு 1,040, எதிர்ப்பு வெறும் 136. அடுத்த ஆண்டு எல்லா உறுப்பினர்களிடமும் வாக்குக் கேட்டபோது அதே தீர்மானம் 2,384க்கு 2,423 என்று தோற்றது. வித்தியாசம் 39! கூட்டத்துக்கு மெனக்கெட்டு வருகிறவர்கள் வேறு, சந்தா கட்டிவிட்டு வீட்டில் இருப்பவர்கள் வேறு. (2023இல் மறுபடி உறுப்பினர் வாக்கெடுப்பு வைத்தார்கள், நிறைவேறியது.) நீங்களும் 300 பேருக்கும் வாக்குச்சீட்டு அனுப்புங்கள்.

அதற்காக, ‘நமக்கெதற்கு அரசியல்’ என்பவர்கள் பக்கமும் நான் இல்லை. ஆய்வாளர் போர்வையில் உளவு பார்த்தவர்களைச் சாடி எழுதினார் ஃபிரான்ஸ் போவாஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர். 1919இல் இதே அமெரிக்க மானிடவியல் சங்கம் உளவாளிகளை விட்டுவிட்டு அவரைக் கண்டித்தது. அந்தக் கண்டனத்தைத் திரும்பப் பெற்றது 2005இல். போவாஸ் இறந்து அறுபது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

தீர்மான வாசகத்தையும் ஒருமுறை பாருங்கள். போர் பற்றிய பொதுக் கருத்தைவிட, இடிந்த நூலகம், சிறையிலிருக்கும் சக ஆய்வாளர் என்று உங்கள் துறை தொட்டதை எழுதினால் எதிர்ப்பவர்களில் சிலரும் கையெழுத்துப் போடுவார்கள்.