ரிங் ரோட்டுல புலி, மலையேறுனா எலி: ஸ்பிரிண்டர் பத்தி கேட்டதும் சொன்னதும்

போன ஞாயித்துக்கிழமை அழகர்கோயில் ரோட்டுல ரைடு முடிச்சுட்டு டீக்கடையில உக்காந்தப்போ ஆளாளுக்கு டூர் டி பிரான்ஸ் (பிரான்ஸ்ல மூணு வாரம், நாளுக்கு ஒரு ரேஸா நடக்குற சைக்கிள் போட்டி) பத்தி கேள்வி, பாதிக்கு மேல ஒரே மாதிரி, "அண்ணே, அம்புட்டு வேகமா போறவன் மலையில ஏன் கடைசியா வாரான்". அங்க சொல்லி முடியல, அதான் இங்க உக்காந்து மொத்தமா எழுதுறேன். நான் 84 கிலோ. ரிங் ரோட்டுல நம்ம பயலுக எவனும் என்னை முந்துனதில்ல, கொடைக்கானல் ரோட்டுல முந்தாத ஆளே இல்ல. அதனால ஸ்பிரிண்டர், அதாவது முடிவுக் கோட்டுக்குக் கிட்ட வெடிச்சுப் பறக்குற ஆளு, அந்தக் கட்சிக்காரன் பேசுறான்னே வச்சுக்கிட்டு படிங்க.

ஒத்தக்கடையில இருந்து ஒரு தம்பி: கடைசி 200 மீட்டர்ல 70 கிலோமீட்டர் வேகத்துல பறக்குறவங்களுக்கு மலையில மட்டும் என்ன ஆகுது?

தம்பி, வாடிவாசல்ல இருந்து பாயுற காளையைப் பாத்திருப்ப, ஒரு நிமிசத்துக்குள்ள அது காட்டுறதெல்லாம் காட்டிரும். அதே காளையை வண்டியில பூட்டி வத்தலக்குண்டுல இருந்து கொடைக்கானலுக்கு ஓட்டுன்னா என்னாகும்? அதான் கதை. ஸ்பிரிண்டர் காலுல பொசுக்குன்னு வெடிக்கிற தசை நார் ஜாஸ்தி, பத்து பதினஞ்சு செகண்டுக்கு ஆயிரம் வாட்டுக்கு மேல அழுத்துவான், அப்புறம் தீந்துரும். மலைக்காரனுக்கு மெதுவா எரியுற நார் ஜாஸ்தி, முக்கால் மணி நேரம் ஒரே மாதிரி மிதிப்பான்.

இன்னொன்னு எடை. சமதரையில எதிரி காத்து, அடுத்தவன் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா எதிரியில பாதி காலி, எடை பெருசா கணக்கே இல்ல. மேட்டுல வேகம் கொறைஞ்சுரும், காத்து ஒரு பொருட்டில்ல, ஒன் எடையை நீயே மேல தூக்கணும், யாரு முதுகும் ஒதவாது. உதாரணத்துக்கு 60 கிலோ ஆளு 360 வாட் மிதிச்சா கிலோவுக்கு 6 வாட். 80 கிலோ ஆளு 400 வாட் மிதிச்சாலும் கிலோவுக்கு 5 தான். அதாவது கூடுதலா வேலை செஞ்சவன் பின்னாடி போறான், இதைவிட அநியாயம் உண்டா சொல்லு. டூர்ல வர்ற ஆல்ப் டியுவெஸ் மலை 13.8 கிலோமீட்டர், சராசரி 8 சதவீத ஏத்தம், 21 கொண்டை ஊசி வளைவு. நம்ம சிறுமலையில 18 வளைவுக்கே நமக்கு நாக்கு தள்ளுது.

திருமங்கலத்துல இருந்து: அப்ப எடையைக் கொறைக்க வேண்டியதுதானே?

கொறைச்சா கொறையுறது தொப்பை இல்லண்ணே, அவங்களுக்கு ஏது தொப்பை, தொடைதான் கொறையும். தொடை போனா ஸ்பிரிண்ட் போச்சு. மலையிலயும் ஜெயிக்க மாட்டான், தரையிலயும் ஜெயிக்க மாட்டான்.

செல்லூர்ல இருந்து ஒரு அக்கா: டிவியில அடிக்கடி 'ஆட்டோபஸ்'னு சொல்றாங்களே, அது என்ன பஸ்?

நல்ல கேள்விக்கா. மலையில கழண்டு விழுற ஸ்பிரிண்டர், அடிபட்டவன், வேலை முடிஞ்ச உதவி ஆளுங்கன்னு எல்லாரும் பின்னாடி ஒண்ணு சேந்து ஒரு கூட்டமா வருவாங்க, அதுக்கு இத்தாலிக்காரங்க வச்ச பேரு குருப்பெட்டோ, பிரெஞ்சுக்காரங்க ஆட்டோபஸ்னு சொல்லுவாங்க. பெரியார் பஸ் ஸ்டாண்டுல ராத்திரி கடைசி பஸ் மாதிரின்னு நெனச்சுக்கோங்க, விட்டா நடைதான். ஏன்னா ஒவ்வொரு நாளும் டைம் கட் இருக்கு, ஜெயிச்சவன் எடுத்த நேரத்துல இத்தனை சதவீதத்துக்குள்ள வந்து சேரணும், அந்த சதவீதம் அன்னிக்கு ரூட்டு எம்புட்டு கஷ்டம், ஜெயிச்சவன் சராசரி வேகம் என்னங்கிறதை வச்சு மாறும். சும்மா கணக்குக்கு, ஜெயிச்சவன் 5 மணி நேரம், சதவீதம் 15னா 45 நிமிசம் கெடைக்கும். ஒரு செகண்டு தாண்டுனாலும் மறுநாள் ஊருக்குப் பொட்டி கட்ட வேண்டியதுதான்.

அதனால பஸ்ஸுல அனுபவசாலி ஒருத்தர் மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டே வருவாரு. ஏத்தத்துல பைய, யாரும் துள்ளக்கூடாது, துள்ளுனா பாதிப் பேரு கழண்டுருவான். எறக்கத்துல, ரெண்டு மலைக்கு நடுவுல வர்ற சமதரையில வெரசா போய் நேரத்தை மீட்பாங்க. கனத்த ஆளு எறக்கத்துல கல்லு மாதிரி உருளுவான்ல, அது மட்டும்தான் எங்களுக்கு ஆண்டவன் குடுத்த லாபம்.

கூட்டமா வர்றதுல இன்னொரு சூட்சுமம். 2011ல கலிபியே மலையில முடிஞ்ச அன்னிக்கு 88 பேரு மொத்தமா டைம் கட்டைத் தாண்டிட்டாங்க. அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்புனா ரேஸ் எங்க இருக்கும்? விட்டுட்டாங்க, ஆனா தண்டனையா புள்ளியைக் கழிச்சாங்க, பிரிட்டன் ஸ்பிரிண்டர் மார்க் கேவண்டிஷுக்கு 20 புள்ளி போச்சு. மறுநாளும் அதே கதை, மறுபடி 20. அப்படியும் பாரீஸ்ல பச்சை ஜெர்சி, அதாவது மொத்தத்துல அதிகப் புள்ளி எடுத்தவனுக்குக் குடுக்குற சட்டை, அவருக்குத்தான்.

மேலூர்ல இருந்து: பெரிய மலை இருக்கிற அன்னிக்குத்தான் ஸ்பிரிண்டருக்கு ஆபத்தா?

மலையைவிட ஆபத்து தூரம் கம்மியா இருக்கிற நாளு. யோசிச்சுப் பாருங்க, சதவீதம்னா, ஜெயிக்கிறவன் 3 மணி நேரத்துல முடிச்சுட்டா நமக்குக் கெடைக்கிற நிமிசமும் சுருங்கிரும்ல. 2018ல லா ரோசியேர் போன நாள் வெறும் 108.5 கிலோமீட்டர், கேவண்டிஷும் இன்னொரு ஸ்பிரிண்டர் மார்செல் கிட்டெலும் அன்னிக்கே டைம் கட்டுல காலி. மறுநாள் ஆல்ப் டியுவெஸ் பாதையில கவிரியா, குரோனவேகன், கிரைப்பெல்னு மூணு ஸ்பிரிண்டரும் ரேஸை விட்டு எறங்கிட்டாங்க. ரெண்டே நாளுல வேகக்காரன் பாதிப் பேரைக் காணோம்.

அதே மேலூர் ஆளு: சரி, அப்படி இழுபறியா தப்பிச்சவங்க?

2022ல பெய்ராகூட் மலையில முடிஞ்ச அன்னிக்கு ஸ்பிரிண்டர் ஃபாபியோ யாகோப்சன். 2020ல போலந்துல விழுந்து முகமே சிதைஞ்சு, உசுரு பொழைச்சதே பெருசுன்னு இருந்த ஆளு. கடைசில செங்குத்தான ஏத்தம், கோட்டுல அவரு டீம் ஆளுங்க நின்னு கத்துறாங்க, 15 செகண்டு மிச்சத்துல உள்ள வந்து சேந்தாரு. அன்னிக்கு ஜெயிச்சது போகச்சார், ஆனா எனக்கு ஞாபகம் நிக்கிறது யாகோப்சன் விழுந்து கெடந்த கோலம்தான்.

வாடிப்பட்டியில இருந்து: எதுக்கு இம்புட்டு பாடு? மலை வந்தா எறங்கிட வேண்டியதுதானே?

எறங்குன மகராசனும் உண்டு. இத்தாலிக்காரர் மாரியோ சிப்போலினி, 1999ல தொடர்ந்து 4 நாள் ஜெயிச்சாரு, ஆனா டூரை வாழ்க்கையில ஒரு தடவைகூட முடிச்சதில்ல, மலை தெரிஞ்சதும் கெளம்பிருவாரு. ஸ்டைலான ஆளு, ஆனா எனக்கு அது புடிக்கல. ஏன்னா பச்சை ஜெர்சி வேணும்னா கடைசி நாள் வரைக்கும் இருக்கணும், பாரீஸ்ல சாம்ஸ் எலிசே ரோட்டுல கடைசி ஸ்பிரிண்ட் இருக்கு, கேவண்டிஷ் 2009ல இருந்து 2012 வரைக்கும் நாலு வருசமும் அங்க ஜெயிச்சாரு. அந்த ரெண்டு நிமிசத்துக்காக ரெண்டு மலைத்தொடரை உருண்டு கடக்குறான் மனுசன். 2025ல அந்தக் கடைசி நாளுலயும் மோன்மார்த்ர் மேட்டைக் கொண்டு வந்து சொருகிட்டாங்க, அது வேற வயித்தெரிச்சல்.

2024ல கேவண்டிஷ் முதல் நாளே வெயில் தாங்காம சைக்கிள் மேலயே வாந்தி எடுத்தாரு, டீம் ஆளுங்க சுத்தி நின்னு கூட்டிட்டு வந்தாங்க. அன்னிக்கு எறங்கியிருந்தா நாலு நாள் கழிச்சு, ஜூலை 3, செயின்ட் வுல்பாவுல டூர்ல அவரோட 35வது நாள் வெற்றி ஏது? பழைய சாம்பியன் எடி மெர்க்ஸோட 34 வெற்றி சாதனை அன்னிக்குப் போயே போச்சு.

அனுப்பானடியில இருந்து: கார் கண்ணாடியைப் புடிச்சுக்கிட்டு ஏறலாம்ல?

லாரியைப் புடிச்சுக்கிட்டு ஸ்கூலுக்குப் போன பயதானே நீ. கேமரா இருக்கு, தூக்கிருவாங்க. 2015 ஸ்பெயின் ரேஸ்ல நிபாலி, அவரு மலைக்காரரு, அவரையே காரைப் புடிச்சதுக்கு வெளிய அனுப்பிட்டாங்க.

தெப்பக்குளத்துல இருந்து: ரெண்டும் தெரிஞ்சவன் எவனுமே இல்லையா?

வவுட் வான் ஆர்ட். 2021ல ஒரே டூர்ல மோன் வாந்து மலை நாளும் ஜெயிச்சாரு, டைம் டிரையலும் (ஆளாளுக்குத் தனியா நேரம் பாத்து ஓட்டுறது) ஜெயிச்சாரு, பாரீஸ் ஸ்பிரிண்டும் ஜெயிச்சாரு. அது விதிவிலக்கு, அவரைக் காட்டி மத்தவனைத் திட்டாதீங்க.

உசிலம்பட்டியில இருந்து: அண்ணே நானும் 88 கிலோ. டிசம்பர்ல கொடைக்கானல் ஏறணும், வழி சொல்லுங்க.

வாய்யா நம்ம சாதிசனம். மொத வேலை, பின்னாடி பெரிய பல்சக்கரம் 32 இல்லாட்டி 34 பல்லு இருக்கிற கேசட் மாத்து, முன்னாடி சின்ன செயின்ரிங் (பெடல் பக்கத்து பல்சக்கரம்) 34 இருக்கட்டும். கார்பன் வீலுக்குக் காசைக் கொட்டாத, அதுல கொறையுறது அரைக் கிலோ, காலையில நீ திங்கிற பன் பரோட்டா அதைவிட எடை. விடியுமுன்னயே வத்தலக்குண்டு தாண்டிரு, வெயில் ஏறுனா நம்ம ஒடம்பு கொதிக்கும். காட்ரோடு பக்கத்துல ஒல்லிப் பயலுக சீறிக்கிட்டுப் போவாங்க, பின்னாடி போகவே போகாத, போன வருசம் நான் போயி டம்டம் பாறைக்கு முன்னாடியே கல்லுல உக்காந்துட்டேன். பேச்சு வரணும், அந்த வேகத்துல மிதி. மூச்சு முட்டி பேச்சு நின்னா ஒரு கியர் எறக்கு. அரை மணிக்கு ஒருக்கா கடலைமிட்டாயோ வாழப்பழமோ உள்ள போகணும், பசி வந்தப்புறம் தின்னா லேட்டு. ஊத்துங்கிற ஊர்ல டீ குடிக்க நிக்கிறப்ப ரொம்ப நேரம் உக்காராத, கால் இறுகிரும்.

தேதி சொல்லு, நானும் வாரேன். ரெண்டு பேரு இருந்தா அதுவும் ஒரு பஸ்ஸுதான்.