பழைய டெஸ்க்டாப்பில் அடுத்தடுத்து எரர் வருகிறது. விண்டோஸை மறுபடி போட்டால் சரியாகிவிடுமா?

முதலில் ஒன்று: இன்றைக்கு ஃபார்மட் செய்யாதீர்கள், அதாவது டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடாதீர்கள். ஃபார்மட் செய்தால் இந்தக் கோளாறு போய்விட்ட மாதிரியே இருக்கும், ஆனால் போகாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவு. பத்து வருஷத்துக்கு மேலான டெஸ்க்டாப், விண்டோஸ் 7. சில வாரமாக மூலையில் இருக்கும் கடிகாரம் பின்தங்கிக்கொண்டே வந்தது. போன வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து ஆன் செய்தபோது கறுப்புத் திரையில் இரண்டு வரி ஆங்கிலம், எஃப்1 அல்லது எஃப்2 அமுக்கச் சொன்னது, அமுக்கினீர்கள். அன்றிலிருந்து விண்டோஸ் படம் வந்ததும் நீலத் திரை ஒரு கணம் மின்னுகிறது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. கடைக்காரர் விண்டோஸ் கெட்டுப்போச்சு, ஃபார்மட் பண்ணணும் என்கிறார்.

இதே வரிசை, ஏறக்குறைய ஒன்றுகூட மாறாமல், எங்கள் வீட்டில் நடந்தது. அம்மா மன்னார்குடியில் வீட்டோடு தையல் கடை வைத்திருக்கிறார். 2012-இல் வாங்கிய அசெம்பிள்ட் டெஸ்க்டாப், எச்61 மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் பொருந்தும் முதன்மைப் பலகை), 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். வாடிக்கையாளர்கள் அத்தனை பேரின் அளவும் அதில் ஓர் எக்செல் ஃபைலில் இருந்தது. எட்டு வருஷமாக அம்மா ஒவ்வொரு வரியாக ஏற்றியது. வேறெங்கும் பிரதி இல்லை. 2021 தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது நீலத் திரை. அந்த நேரத்தில் ஒரு தையல் கடைக்கு அது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. அக்கம்பக்கத்து ரிப்பேர் கடையில் ஃபார்மட் போட்டுத் தருகிறோம், டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்களாம். அம்மா எனக்குப் போன் செய்தார்.

நான் கேட்டது ஒன்றுதான். நீலத் திரைக்கு முன்னால் வேறு ஏதாவது வந்ததா?

"ஏம்பா, மொதல்ல கறுப்பா ரெண்டு வரி வந்துச்சு. எஃப்2 அமுக்குன்னு இருந்துச்சு, அமுக்கிட்டேன். அதுல என்ன இருக்கு? நீலமா வருதே, அதப் பாரு."

அந்தக் கறுப்பு இரண்டு வரிதான் விஷயம். கணினி ஆன் ஆனதும் முதலில் பேசுவது விண்டோஸ் இல்லை, மதர்போர்டில் இருக்கும் பயாஸ் என்ற சிறு மென்பொருள். அது சொல்லும் குறை விண்டோஸுக்கு முந்தையது. முதல் செய்தி காரணத்தைச் சொல்கிறது, பின்னால் வருகிறவை பெரும்பாலும் அதன் விளைவு. நாம் தலைகீழாகச் செய்கிறோம்: கடைசியாக வந்து பயமுறுத்துவதைப் பிடித்துக்கொள்கிறோம்.

சரி, அந்தச் செய்தியை எப்படித் திரும்ப வரவழைப்பது? அம்மாவை அன்று ராத்திரி சுவரில் இருக்கும் சுவிட்சையும் அணைக்கச் சொன்னேன். காலையில் போனில் வீடியோ ஓடவிட்டுக்கொண்டே கணினியை ஆன் செய்யச் சொன்னேன். கறுப்புத் திரை வந்தது: சிமாஸ் செக்சம் பேட், சிமாஸ் டேட் டைம் நாட் செட். அடுத்து நீலத் திரை. கண்ணுக்கு அது ஒரு மின்னல்தான், ஆனால் வீடியோவை நிறுத்திப் பார்த்தால் எண் படிக்க முடிந்தது. ஸ்டாப் என்ற சொல்லுக்குப் பின் நீளமாகச் சுழியங்கள், முடிவில் 7பி. நீங்களும் இப்படியே வீடியோ எடுங்கள். விண்டோஸ் 7-இல் இன்னொரு வழியும் உண்டு. ஆன் ஆகும்போது எஃப்8-ஐத் தட்டிக்கொண்டே இருந்தால் ஒரு பட்டியல் வரும், அதில் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தும் வரியைத் தேர்ந்தெடுத்தால் நீலத் திரை அப்படியே நிற்கும்.

இனி இந்த இரண்டு செய்திக்கும் என்ன உறவு என்று பார்ப்போம்.

மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும். பெயர் சிஆர்2032. 20 மில்லிமீட்டர் குறுக்களவு, 3.2 மில்லிமீட்டர் கனம், அதனால்தான் அந்த எண். 3 வோல்ட். மின்சாரம் அறவே இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவதும், பயாஸில் நாம் வைத்த அமைப்புகளைக் காப்பதும் இதன் வேலை. அந்த அமைப்புகள் இருக்கும் சிறிய நினைவகம்தான் சிமாஸ். அதில் உள்ள எண்களைக் கூட்டி ஒரு சரிபார்ப்பு எண்ணையும் கூடவே வைத்திருப்பார்கள். பேட்டரி வலுவிழந்தால் எண்கள் சிதையும், கூட்டல் பொருந்தாது. செக்சம் பேட் என்றால் இவ்வளவுதான்: நான் எழுதி வைத்தது அழிந்துவிட்டது.

சுவர் சுவிட்ச் போட்டே இருந்தால், கணினி அணைந்திருந்தாலும் மதர்போர்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும், பேட்டரிக்கு வேலை வராது. அதனால்தான் சில நாள் நன்றாக ஓடி, ஊருக்குப் போய்வந்த அன்று மட்டும் படுத்துகிறது. கடிகாரம் பின்தங்கியது பேட்டரி கொடுத்த முதல் அறிவிப்பு. எங்கள் வீட்டில் அம்மா தினமும் நேரத்தைக் கையால் திருத்தி வைத்துக்கொண்டிருந்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்தது நீலத் திரை. எழுதி வைத்தது அழிந்ததும் பயாஸ் என்ன செய்யும்? எஃப்2 அமுக்கினால் தொழிற்சாலையில் வைத்த அமைப்புகளுக்குத் திரும்பிவிடும். அதில் ஒரு வரி சாட்டா மோட். ஹார்டு டிஸ்க்கோடு எந்த முறையில் பேசுவது என்று அது முடிவு செய்யும். ஐடிஇ என்பது பழைய முறை, ஏஎச்சிஐ என்பது புதியது. எங்கள் கணினியை அசெம்பிள் செய்தவர் ஏஎச்சிஐ வைத்து விண்டோஸ் போட்டிருந்தார். அந்தப் போர்டின் தொழிற்சாலை அமைப்போ ஐடிஇ. விண்டோஸ் 7, அதை நிறுவியபோது இருந்த முறைக்கான டிரைவரை, அதாவது டிஸ்க்கோடு பேச உதவும் மென்பொருளை, மட்டுமே தொடக்கத்தில் ஏற்றும். முறை மாறினால் தன் டிஸ்க்கையே அதால் தொட முடியாது. 7பி என்ற எண்ணின் பொருளும் அதுதான்: பூட் ஆக வேண்டிய டிஸ்க்கை அணுக முடியவில்லை. டிஸ்க்கும் நன்றாக இருந்தது, விண்டோஸும் நன்றாக இருந்தது, அம்மாவின் ஃபைலும் பத்திரமாக இருந்தது. நடுவில் ஓர் அமைப்பு மாறியிருந்தது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஃபார்மட் செய்திருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். விண்டோஸ் இப்போது ஐடிஇ முறையிலேயே நிறுவப்படும், நீலத் திரை வராது. கடைக்காரரும் சரியாக்கிவிட்டதாக மனதார நம்புவார். எட்டு வருஷத்து அளவுகள் காரணமே இல்லாமல் அழிந்திருக்கும், பேட்டரி அங்கேயே கிடந்திருக்கும். எனக்கு இன்றும் மனம் ஆறாதது இதுதான். எத்தனை வீட்டில் கல்யாணப் படங்களும் கணக்குகளும் இப்படிப் போயிருக்கும்!

நீங்கள் செய்ய வேண்டியது. பிளக்கைப் பிடுங்குங்கள். சிபியு பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே எதையும் தொடும் முன் பெட்டியின் இரும்பைக் கையால் ஒருமுறை தொடுங்கள், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் போய்விடும். பேட்டரியைப் பிடித்திருக்கும் சின்னக் கொக்கியை நகத்தால் தள்ளினால் அது எழும்பி வரும். எழுத்து உள்ள பக்கம், அதாவது பிளஸ், மேலே இருக்கும்படி புதியதைப் போடுங்கள். வாட்ச் கடையிலேயே கிடைக்கும், ரிமோட்டுக்கும் எடை மெஷினுக்கும் போடும் அதே பேட்டரி. மல்டிமீட்டர் இருந்தால் பழையதை அளந்து பாருங்கள். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், எங்களுடையது 2.4 காட்டியது.

பேட்டரியை மாற்றிய பிறகுதான் பயாஸுக்குள் போக வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் வைப்பது அடுத்த முறை மறுபடி அழியும். ஆன் செய்ததும் டெலீட் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். சில பிராண்டட் கணினிகளில் எஃப்2 அல்லது எஃப்10. தேதி, நேரத்தைச் சரிசெய்யுங்கள். சாட்டா மோட் என்ற வரியைத் தேடி, ஐடிஇ என்று இருந்தால் ஏஎச்சிஐ ஆக்கி, சேமித்து வெளியே வாருங்கள். உங்களுடையதில் முதலில் எது இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் மாற்றிப் பார்ப்பதால் டிஸ்க்கில் இருக்கும் எதுவும் அழியாது. ஒன்றில் வராவிட்டால் பெரும்பாலும் மற்றதில் வரும்.

எங்கள் வீட்டில் பேட்டரியை மாற்றியதும் ஆர்வத்தில் நான் தேதியைச் சரிசெய்யாமல் சாட்டா மோடை மட்டும் மாற்றினேன். விண்டோஸ் வந்துவிட்டது. பிரவுசரைத் திறந்தால் ஒவ்வொரு தளத்துக்கும் உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கை. கணினி 2012 ஜனவரியில் இருந்தது. தளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டும் உண்டு. 2012-இல் நின்று பார்த்தால் 2021-இல் கொடுத்த சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. தேதியை மாற்றியதும் எல்லாம் திறந்தன. இந்த எச்சரிக்கை உங்களுக்கும் வந்தால் வைரஸ் என்று பயப்படாதீர்கள்.

கணினி எழுந்ததும் வேறு எந்த வேலையும் செய்யாமல் முக்கியமான ஃபைல்களை ஒரு பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். பத்து வருஷ டிஸ்க்கை நம்பக் கூடாது.

இவ்வளவும் செய்தும் நீலத் திரை வந்தால், எண்ணைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்தால் என் சந்தேகம் ராம் மேல் போகும். கழற்றி, அதன் தங்க நிறப் பட்டைகளைச் சாதாரணப் பென்சில் அழிப்பானால் லேசாகத் தேய்த்து, தூளை நன்றாகத் துடைத்துவிட்டுத் திரும்பப் பொருத்துங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தப் பட்டையில் படலம் படிவது சகஜம். இரண்டு ராம் இருந்தால் ஒன்றைமட்டும் போட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள், பிறகு மற்றதை. விண்டோஸ் 7-இலேயே ராமைச் சோதிக்கும் கருவியும் இருக்கிறது, மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடினால் வரும்.

எண் எப்போதும் 24 அல்லது எஃப்4 என்று முடிந்தால், கூடவே கணினி நடுநடுவே உறைந்து நின்றால், அல்லது உள்ளே டக் டக் என்று சத்தம் கேட்டால் அது பெரும்பாலும் ஹார்டு டிஸ்க். முதலில் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், சில சமயம் அதுவேதான் காரணமாக இருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை: டிஸ்க் சாகும் நிலையில் இருக்கும்போது செக்டிஸ்க் என்ற விண்டோஸின் டிஸ்க் சோதனையை ஓடவிடாதீர்கள். அது டிஸ்க்கைப் படித்துப் படித்து இருக்கிற உயிரையும் எடுத்துவிடலாம். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் மாதிரி வேறொரு இயங்குதளத்தைப் பென் டிரைவில் இருந்து ஓடவிட்டு ஃபைல்களை எடுத்த பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14-உடன் முடிந்துவிட்டது. அதனால் கணினி சரியானாலும் வங்கி வேலையை அதில் வைத்துக்கொள்ள வேண்டாம். கணக்கு எழுத, பிரிண்ட் எடுக்க அது தாராளமாகப் போதும். அம்மா இன்னும் அதில்தான் அளவு ஏற்றுகிறார்.

முதலில் வந்த அந்தக் கறுப்புத் திரையைப் படம் எடுத்துக் கீழே கருத்துப் பகுதியில் போடுங்கள். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, வெட்டாமல் முழுத் திரையும் விழட்டும். வேறு ஏதாவது எழுதியிருந்தால் அதைப் பார்த்துச் சொல்கிறேன்.