உற்பத்தி மேலாளரின் படிப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

பாகாயம் அரசுப் பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் முடித்த என் மகனுக்கு, ராணிப்பேட்டை சிப்காட்டில் கொதிகலன் குழாய்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அவர்களுடைய அறிமுக ஏட்டின்படி, உற்பத்தி மேலாளர் டிப்ளமோவும் ஏ.எம்.ஐ.இ.யும் முடித்து முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர், ஃபோர்மேன் ஐ.டி.ஐ. வெல்டர், தரக் கட்டுப்பாட்டுத் தலைவர் பெல்லில் (பாரத மிகுமின் நிறுவனத்தில்) ஓய்வு பெற்றவர். பி.இ. படித்தவன் டிப்ளமோகாரருக்குக் கீழே போவதா என்று என் மைத்துனர் கேட்கிறார். எனக்கும் தயக்கம்தான்.

வாசகர், வாலாஜாபேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மைத்துனர் படிப்பைப் படித்துவிட்டு அனுபவத்தை விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். ஏ.எம்.ஐ.இ. என்பது 1920-இல் தொடங்கப்பட்டு, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் பொறியாளர் நிறுவனம் நடத்தும் தேர்வு. பெரும்பாலும் பகலில் வேலை பார்த்து இரவில் தாமே படிப்பவர்கள் எழுதுவது. 2013 மே 31 வரை அதில் பதிவு செய்தவர்களுக்கு, வேலைவாய்ப்பில் பட்டத்துக்குச் சமமான தகுதியாக மத்திய அரசே அதை ஏற்றிருக்கிறது. முப்பது ஆண்டு அனுபவமுள்ளவர் அதற்கு முன்பே சேர்ந்திருப்பார்.

ஃபோர்மேனைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். கொதிகலன் குழாயில் கைவைக்கும் வெல்டர், ஐ.பி.ஆர். எனப்படும் 1950-ஆம் ஆண்டுக் கொதிகலன் ஒழுங்குமுறைகளின்படி தேர்வு பெற்றவராக இருக்க வேண்டும். 45 பாகைச் சாய்வில் அசையாமல் பொருத்திய குழாயைச் சுற்றி, நின்றும் முட்டி போட்டும் வெல்டு வைப்பது அத்தகைய தேர்வுகளில் கடினமான ஒன்று. குழாய்கள் நெருங்கி நிற்கும் இடத்தில் பின்பக்க இணைப்பு கண்ணுக்குத் தெரியாதபோது, சிறு கண்ணாடி ஒன்றைப் பொருத்தி, அதில் தலைகீழாய் மாறித் தெரியும் நெருப்பைப் பார்த்தபடியே கையை நகர்த்துவார்கள். வெறும் பென்சிலை வைத்துக்கொண்டு நான் ஒருமுறை அப்படி முயன்றேன், நேர்கோடுகூட வரவில்லை.

நான் கேள்வி கேட்பதாக இருந்தால், தரக் கட்டுப்பாட்டுத் தலைவரின், யாரும் சந்தேகிக்காத அந்தப் பெல் அனுபவத்தைத்தான் கேட்பேன். பெல்லின் ராணிப்பேட்டை ஆலை கொதிகலனின் துணைக்கருவிகளை, அதாவது விசிறி, காற்றுச் சூடேற்றி, தூசி வடிப்பான் போன்றவற்றைச் செய்கிறது. அழுத்தம் தாங்கும் குழாய்ப் பாகங்கள் திருச்சி ஆலையின் வேலை. இரண்டிலும் முப்பது ஆண்டு முப்பது ஆண்டுதான், ஆனால் உங்கள் மகன் சேரும் நிறுவனம் செய்வது குழாய்.

இத்தகைய ஏடுகளைத் தட்டச்சு செய்தே சில ஆண்டுகள் சம்பளம் வாங்கியவன் நான். ஓரிடத்தில், விலகிப் போய் ஓராண்டு கழிந்தவரின் பெயரை டெண்டருக்கான பணியாளர் பட்டியலில் என் கையாலேயே சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்தேன். ஆகையால், அச்சிட்ட பெயர்கள் இப்போதும் பணியில் இருக்கின்றனவா என்று விசாரிப்பதில் குற்றமில்லை.

சேரும் நாளில் உங்கள் மகன் இன்னொன்றையும் கேட்கட்டும்: வெல்டின் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துத் தேறியதா இல்லையா என்று கையெழுத்திடுபவர் யார், அவர் என்.டி.டி. எனப்படும், பொருளைச் சிதைக்காமல் சோதிக்கும் முறையில் இரண்டாம் நிலைத் தகுதி பெற்றவரா? முதல் நிலைக்காரர் படம் எடுக்கலாம். தாமாக முடிவு சொல்ல முடியாது. அந்தப் பெயர் உங்கள் கடிதத்தில் இல்லை.