பதாகை அச்சுக்குப் போகும் முன்

கேள்வி: லண்டனில் எங்கள் இனவெறி எதிர்ப்புக் குழு பாலஸ்தீன ஆதரவுப் பேரணிக்குப் பதாகைகள் தயாரிக்கிறது. யூதருக்கெனத் தனி நாடு என்ற சியோனிசக் கொள்கையை எதிர்ப்பது எந்த இடத்தில் யூத வெறுப்பாகிறது? எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: முதலில் வாசகம். 'சியோனிஸ்ட்' என்று வரும் இடத்தையெல்லாம் வட்டமிடுங்கள். அதற்குப் பதிலாக ஓர் அரசையோ சட்டத்தையோ செயலையோ பெயர் சொல்லி எழுத முடிகிறதா? "மேற்குக் கரைக் குடியேற்றங்களை நிறுத்து" என்பது அரசியல் கோரிக்கை. "ஊடகங்களை ஆட்டுவிப்பது சியோனிஸ்டுகளே" என்றால், 1903-ல் ரஷ்யாவில் அச்சான யூதர் உலகை ஆளச் சதி செய்வதாகச் சொல்லும் 'சியோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' என்ற போலி ஆவணத்தின் கதைதான் அது. 'யூதர்' என்ற சொல் மட்டும் மாறியிருக்கிறது.

அடுத்து படம். பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். 2022-ல் ஜெர்மனியின் காசல் நகரில் நடந்த டாக்குமென்டா கலைக்காட்சியில், இந்தோனேசியாவின் தாரிங் பாடி குழு 2002-ல் உருவாக்கிய பெரிய பதாகையை வைத்தார்கள். அந்நாட்டின் சர்வாதிகாரி சுகார்த்தோ ஆட்சியின் வன்முறையையும் அதற்குத் துணைபோன வெளிநாட்டு உளவு அமைப்புகளையும் சாடும் படைப்பு அது. அதற்குள் கோரைப்பல், காதோரச் சுருள்முடி, நாஜிகளின் எஸ்.எஸ். படைக் குறியிட்ட தொப்பியோடு ஒரு யூத உருவம். முதலில் துணியால் மூடினார்கள், மறுநாள் இறக்கிவிட்டார்கள். குழு மன்னிப்புக் கேட்டது.

காலனியத்தை எதிர்ப்பவர்களின் கண்ணுக்கே இது ஏன் தப்புகிறது? இனவெறி என்றால் எளியவரைத் தாழ்த்துவது என்றே பழகியிருக்கிறோம். யூத வெறுப்போ யூதரை மறைந்திருந்து உலகை ஆளும் சக்தியாகக் காட்டும். அதனால் அதுவே அதிகாரத்தை எதிர்ப்பதுபோலத் தோன்றிவிடுகிறது. யூதர் எல்லோரும் வெள்ளைக் குடியேறிகள் என்ற கணக்கும் பிழை. ஈராக், ஏமன், மொராக்கோவிலிருந்து வந்த குடும்பங்கள் இஸ்ரேலில் ஏராளம்.

ஆக்டோபஸ், பொம்மலாட்டக் கயிறு, நாணயக் குவியல் இருந்தால் படத்தையே மாற்றுங்கள், திருத்திப் பயனில்லை. காஸாவில் கொல்லப்பட்ட குழந்தைகளுக்காகப் பேசுகிறீர்களா? அவர்களின் பெயரையும் வயதையும் எழுதுங்கள். ரத்தம் குடிக்கும் பூதம் வேண்டாம், அது யூதர் மீது இடைக்கால ஐரோப்பா சுமத்திய பழி.

பேரணியை யூத ஜெப ஆலய வாசலில் நிறுத்தாதீர்கள். குழுவிலுள்ள யூதரிடம் மட்டும் "முதலில் இஸ்ரேலைக் கண்டி" என்று கேட்பதும் பாகுபாடே.

அதற்காகக் குற்றச்சாட்டுக்குப் பயந்து வாயை மூடிக்கொள்ளவும் வேண்டாம். இஸ்ரேலைப் புறக்கணிப்பது தன்னளவில் யூத வெறுப்பல்ல என்கிறது, யூத வெறுப்பு எது என்று வரையறுத்து அறிஞர்கள் வெளியிட்ட 2021-ன் ஜெருசலேம் பிரகடனம். சர்வதேச ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டணியின் 2016 வரையறையும், மற்ற நாடுகளை விமர்சிப்பதுபோல இஸ்ரேலை விமர்சித்தால் அது யூத வெறுப்பாகாது என்றே சொல்கிறது. பிரிட்டனில் பல உள்ளாட்சி மன்றங்கள் ஏற்றிருப்பது இந்த வரையறையைத்தான். மண்டபம் கேட்டு விண்ணப்பிக்கும் முன் அதன் 11 எடுத்துக்காட்டுகளையும் படித்துவிடுங்கள்.