இரும்புக்கை மாயாவிக்காக டெபாசிட்டை உடைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். பிடித்தம் போக மாதம் 68,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுச் செலவு 50,000 ரூபாய் வரை ஆகிறது. மகள் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வங்கியில் 6 லட்சம் ரூபாய் டெபாசிட் இருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 5,000 ரூபாய் போட்டு வருகிறேன். பள்ளி நாள்களில் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் என்றால் எனக்கு உயிர். நான் சேர்த்து வைத்திருந்தவை எல்லாம் வீடு மாறியபோது எடைக்குப் போய்விட்டன. இப்போது ஒருவர், இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர் கதைகள் அடங்கிய பழைய இதழ்களின் தொகுப்பு ஒன்றை மூன்றரை லட்சம் ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். முழுத் தொகையையும் ரொக்கமாகக் கேட்கிறார். ஐந்து ஆண்டுகளில் மதிப்பு இரட்டிப்பாகும் என்பது அவருடைய வாதம். அமெரிக்காவில் பழைய சூப்பர்மேன் இதழ் ஒன்று 80 கோடி ரூபாய் அளவுக்கு ஏலம் போனதாகவும் படித்தேன். டெபாசிட்டை உடைத்து இதை வாங்கலாமா?

பதில்: டெபாசிட்டை உடைக்க வேண்டாம். பழைய காமிக்ஸ் வாங்கும் ஆசையையும் விட வேண்டாம். நீங்கள் இரண்டு வெவ்வேறு கேள்விகளை ஒன்றாகக் கட்டிக் கேட்டிருக்கிறீர்கள். இழந்த இதழ்களை மீண்டும் கையில் எடுத்துப் படிக்க வேண்டும் என்பது ஒன்று, மூன்றரை லட்சம் ரூபாயை எங்கே போட்டால் வளரும் என்பது மற்றொன்று. விற்பவர் முதல் ஆசையைக் காட்டி இரண்டாவதற்கு விடை சொல்கிறார். ஆகவே பணத்தின் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம்.

நீங்கள் படித்த செய்தி உண்மைதான். 1939-ஆம் ஆண்டு வெளிவந்த சூப்பர்மேன் முதல் இதழின் ஒரு பிரதி, 2025 நவம்பரில் ஹெரிட்டேஜ் ஏல நிறுவனத்தின் மூலம் 91 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. கலிபோர்னியாவில் தாய் இறந்த பிறகு வீட்டைச் சுத்தம் செய்த மூன்று சகோதரர்கள், பரணில் பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் ஒரு பெட்டியில் அதைக் கண்டெடுத்தார்கள். அந்தக் குடும்பம் அதை முதலீடாக வாங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அதற்கும் ஓர் ஆண்டு முன்னால், சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய ஆக்ஷன் காமிக்ஸ் என்ற இதழ் 1938-இல் 10 சென்ட்டுக்கு விற்றது. படித்த சிறுவர்கள் கிழித்தார்கள், தாய்மார்கள் தூக்கி எறிந்தார்கள், இரண்டாம் உலகப்போரின்போது காகிதச் சேகரிப்புக்குக் கட்டுக்கட்டாகக் கொடுத்தார்கள். எஞ்சியவை இன்று நூறு பிரதிகள் அளவில்தான் இருக்கும் என்று சேகரிப்பாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அந்தப் பாத்திரத்தைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் அதன் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். யாரும் பத்திரப்படுத்தாததால்தான் இத்தகைய இதழ்களுக்கு அந்த விலை.

எல்லோரும் பத்திரப்படுத்தத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் அமெரிக்காவே சாட்சி. 1980-களின் இறுதியில் பழைய இதழ்களின் ஏல விலைகள் செய்தியானபோது, புதிய இதழ்களையும் முதலீடாக வாங்கிக் குவிக்கும் மோகம் அங்கே பிறந்தது. 1991-இல் மார்வெல் வெளியிட்ட எக்ஸ்-மென் புதிய வரிசையின் முதல் இதழ் வெவ்வேறு அட்டைகளோடு 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையானது. 1992-இல் சூப்பர்மேன் இறக்கும் இதழ் கறுப்பு உறையில் வந்தபோது, உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தால் பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று நம்பி ஆளுக்குப் பல பிரதிகள் வாங்கினார்கள். எல்லோரிடமும் பிரதி இருந்ததால் விலை ஏறவில்லை. பிறகு நூற்றுக்கணக்கான காமிக்ஸ் கடைகள் மூடப்பட்டன. 1996 டிசம்பரில் மார்வெல் நிறுவனமே திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. அந்த எக்ஸ்-மென் இதழின் சாதாரணப் பிரதியை இன்றும் சில டாலருக்கு வாங்கிவிடலாம்.

இனி நம் ஊருக்கு வருவோம். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. லயன் காமிக்ஸ் 1984-இல் வந்தது. மாயாவியின் மூலம் 1962-இல் பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் வெளிவந்த தொடர். மின்சாரம் பாய்ந்ததும் உடல் முழுவதும் மறைந்து, இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நீந்தி வரும் அந்தக் காட்சியை, ஒருமுறை பார்த்த எந்தச் சிறுவனும் மறந்திருக்க மாட்டான். ஸ்பைடரும் 1965-இல் பிரிட்டனில் லயன் என்ற வார இதழில் பிறந்தவன்தான். சில காலத்திலேயே அவனுடைய கதைகளை எழுதும் பொறுப்பை ஏற்றவர், சூப்பர்மேனைப் படைத்த அதே ஜெர்ரி சீகல். நீங்கள் வகுப்பில் பாடப்புத்தகத்துக்குள் மறைத்துப் படித்த குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர், அமெரிக்க சூப்பர் ஹீரோக்களின் மூத்த தலைமுறைக்கு நேர் உறவுக்காரன். இந்தக் கதைகள் நம் தலைமுறைக்கு வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை. பலருக்கு அவைதான் தமிழ் வாசிப்பின் முதல் படி. அதை நான் முழு மனத்தோடு சொல்கிறேன்.

ஆனால் அந்த மதிப்பைப் பணமாக மாற்றித் தரும் சந்தை இங்கே இல்லை. அமெரிக்காவில் 1970 முதல் ஆண்டுதோறும் விலைக் கையேடு வெளிவருகிறது. 2000-ஆம் ஆண்டு முதல் சிஜிசி என்ற நிறுவனம் ஒவ்வொரு பிரதியையும் பக்கம் பக்கமாகச் சோதித்து, 0.5 முதல் 10 வரை மதிப்பெண் அளித்து, உடைக்காமல் திறக்க முடியாத பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் தருகிறது. ஏலத்தில் என்ன விலை கிடைத்தது என்பதை யாரும் பார்க்கலாம். இவை எதுவும் தமிழ் காமிக்ஸுக்குக் கிடையாது. விலை என்பது இரண்டு பேர் பேசிக்கொள்ளும் தொகை. அடுத்த வாரம் இன்னொருவரிடம் கேட்டால் அதில் பாதியாகவும் இருக்கலாம்.

அதைவிட எனக்குக் கவலை தருவது வாங்குவோரின் வயது. இன்று பழைய முத்து, லயன் இதழ்களுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் பெரும்பாலும் உங்கள் வயதை ஒட்டியவர்கள். சம்பளம் உச்சத்தில் இருக்கும் வயது. பிள்ளைகள் வளர்ந்து, பழைய நினைவுகள் எழும் வயது. பத்து, பதினைந்து ஆண்டுகளில் இதே ஆட்கள் ஓய்வு பெற்று, விற்க நினைப்பார்கள். சூப்பர்மேனுக்குத் திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் தலைமுறைதோறும் புதிய ரசிகர்களைக் கொண்டுவந்து சேர்த்தன. மாயாவிக்கு அப்படி ஒரு துணை அமையவில்லை. உங்கள் மகளின் வயதில் உள்ளவர்கள் இந்த இதழ்களை லட்சக்கணக்கில் வாங்குவார்கள் என்று எண்ணி நான் உங்கள் சேமிப்பைப் பணயம் வைக்கச் சொல்ல மாட்டேன். மறுபதிப்புகளும் வந்துகொண்டிருக்கின்றன. மாயாவி, ஸ்பைடர் கதைகள் பல, நல்ல தாளில் தமிழிலேயே மீண்டும் அச்சாகிவிட்டன. கதையைப் படிக்க மட்டும் விரும்புகிறவர் மறுபதிப்போடு நின்றுவிடுவார். பழைய பிரதிக்கான போட்டி அந்த அளவுக்குக் குறையும்.

கணக்காகவும் பாருங்கள். ஐந்து ஆண்டுகளில் இரட்டிப்பாவது என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 15 சதவீத வளர்ச்சி. அதை விடுங்கள், 7 சதவீத வட்டியில் கிடக்கும் மூன்றரை லட்சம் ரூபாய் பத்து ஆண்டுகளில், வரிக்கு முன், சுமார் 6 லட்சத்து 88 ஆயிரம் ஆகும். இதே தொகையைக் காமிக்ஸ் தொகுப்பிலிருந்து நீங்கள் கையில் பெற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பழைய புத்தக வியாபாரி ஒருவர் தாம் விற்கும் விலையில் மூன்றில் இரண்டு பங்கு கொடுத்து வாங்கினாலே அது தாராளம். அப்படியானால் அன்றைய சந்தை விலை 10 லட்சத்தைத் தாண்டியிருந்தால்தான் நீங்கள் டெபாசிட் அளவுக்காவது வருவீர்கள். மொத்தமாக வாங்க ஆள் கிடைக்காமல் ஒவ்வொன்றாக விற்க நேர்ந்தால், ஆகும் நாளும் அஞ்சல் செலவும் தனி.

உங்கள் 6 லட்சம் ரூபாய் உண்மையில் உபரிப் பணம் அன்று. மாதச் செலவு 50,000 என்றால், ஆறு மாதத்துக்கான அவசர நிதியே 3 லட்சம் ஆகிறது. மகளின் மீதிப் படிப்புக்கான கட்டணமும் விடுதிச் செலவும் பாக்கியிருக்கின்றன. மூன்றரை லட்சத்தை எடுத்துவிட்டால் ஐந்து மாதச் செலவுக்கான பணம்தான் மிஞ்சும். அதுவும் கல்விச் செலவைக் கணக்கில் கொள்ளாமல். முதிர்வுக்கு முன் உடைத்தால் பல வங்கிகள் வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் வரை குறைத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியார் வேலையில் இருக்கும் 52 வயதுக்காரருக்கு இது சரியான நிலை இல்லை.

ரொக்கமாகக் கேட்பது இன்னொரு எச்சரிக்கை மணி. ஒரே பரிவர்த்தனைக்காக ஒருவர் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் பெற்ற தொகைக்குச் சமமான அபராதம், பணம் பெற்றவர்மீது விழும். அபராதம் அவருக்குத்தானே என்று இருந்துவிடாதீர்கள். பிரதி போலியாகவோ குறையுள்ளதாகவோ இருந்தால், கொடுத்ததற்கான ஆதாரமே உங்களிடம் இருக்காது. சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருக்கும் அசையும் பொருளை விற்பதில், நகை, ஓவியம், தொல்பொருள் தொகுப்பு போன்ற சில நீங்கலாக, மூலதன ஆதாய வரி பொதுவாக எழாது. ஆனால் இலாபத்துக்காக வாங்கி விற்பதையே வழக்கமாக்கிக்கொண்டால் அது வியாபார வருமானமாகக் கருதப்படலாம். எப்படியானாலும், வங்கி வழியே பணம் செலுத்தி, இதழ்களின் பட்டியலோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி, வாங்கும் ஆசைக்கு வருகிறேன். மாதம் 2,000 ரூபாயை இதற்கென ஒதுக்குங்கள். உங்கள் மியூச்சுவல் ஃபண்ட் தவணையிலோ டெபாசிட்டிலோ கை வைக்காமல் இது சாத்தியம். அந்தப் பணத்தைச் செலவாகவே எழுதிக்கொள்ளுங்கள். முழு வரிசையும் வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிட்டு, உங்களுக்கு உண்மையிலேயே நினைவிருக்கும் பத்து, பதினைந்து கதைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். எந்த அட்டையை நினைத்தால் வாங்கிய பெட்டிக்கடையும் சேர்ந்து நினைவுக்கு வருகிறதோ அதை மட்டும் பழைய பிரதியாகத் தேடுங்கள். மற்றவற்றை மறுபதிப்பில் படியுங்கள். பழைய புத்தகக் கடைகளிலும் புத்தகக் காட்சிகளிலும் தனித்தனியாக வாங்கும்போது பேரம் பேசவும், பிடிக்காததை விட்டுவிடவும் முடியும். தேடலிலும் ஒரு சுகம் இருக்கிறது; மொத்தமாக வாங்கினால் அது ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

பிரதியைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதலில் நடுப்பக்கத்தைத் திறந்து, ஸ்டேப்ளர் பின் அடித்த இடத்தைக் கவனியுங்கள். துருவேறிய பின்னைச் சுற்றிப் பழுப்பு வட்டம் படர்ந்திருந்தால், தாள் அங்கே உளுத்திருக்கும்; இரண்டு முறை புரட்டினால் நடுத்தாள் கழன்று கையோடு வரும். அட்டை மூலமா, நகல் எடுத்து ஒட்டியதா என்பதை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நம் வீடுகளில் பத்து இதழ்களைச் சேர்த்து பைண்டிங் செய்து ஓரத்தை வெட்டும் வழக்கம் உண்டு. அப்படி வெட்டிய பிரதியில் ஓரப் படங்களின் விளிம்பும் சில வேளை பேச்சுக் குமிழின் கடைசி எழுத்தும் போயிருக்கும். பக்க எண்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். முன்பு வைத்திருந்த சிறுவன் அட்டையில் பேனாவால் பெயர் எழுதியிருந்தால், விலையைக் குறைத்துக் கேளுங்கள். வாசகராக நீங்கள் அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

வாங்கியவற்றை பீரோவின் அடித்தட்டிலோ பரணிலோ வைக்காதீர்கள். செய்தித்தாள் ரகத் தாள் வெயிலிலும் ஈரத்திலும் வேகமாகப் பழுத்து ஒடியும். அமிலமற்ற அட்டை ஒன்றைப் பின்னால் வைத்து, பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் உறையில் போட்டு, நேராக நிறுத்தி வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எடுத்து, தாளைத் தின்னும் வெள்ளிப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். எந்த இதழை எப்போது, என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்ற பட்டியலின் ஒரு நகலை மகளிடம் கொடுத்துவிடுங்கள்.

அந்த மூன்றரை லட்சத் தொகுப்பைப் பொறுத்தவரை, மொத்தமாக வேண்டாம், நான் தாளில் எழுதியிருக்கும் இந்தக் கதைகளின் இதழ்களை மட்டும் தனி விலைக்கு, வங்கி வழியாகப் பணம் பெற்றுக்கொண்டு தருவீர்களா என்று விற்பவரிடம் கேளுங்கள். சம்மதித்தால், இரண்டு மூன்று இதழ்களில் தொடங்குங்கள். மறுத்தால், நாளையே வேறொருவர் வாங்கிவிடுவார் என்று அவர் சொல்வதற்காக அவசரப்பட வேண்டாம். இந்த இதழ்கள் எல்லாம் ஆயிரக்கணக்கில் அச்சாகித் தமிழ்நாடு முழுவதும் பெட்டிக்கடைகளில் தொங்கியவை. பரண்களிலிருந்து அவை இன்னும் இறங்கி வந்துகொண்டுதான் இருக்கின்றன.